உப்புத் தண்ணீரில் துடைத்த கண்ணாடி

“அண்ணே, இங்கன வந்து பாருங்க. ஒம்பதுக்கும் பத்துக்கும் ஒரே எடத்துல மச்சம் விழுந்திருக்கு.”

நூருல் மேடம் கூப்பிட்டபோது நான் கண்ணாடித் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முற்பகல் நேரம். மாசிக் கடைசியா, பங்குனி பிறந்துவிட்டதா என்று நினைவில்லை, ஆனால் வெயில் ஏறிவிட்டிருந்தது. ஆய்வுக்கூடம் முழுக்கச் சூடேறிய ரப்பர் வாசனை. தொட்டிக்குள் பத்தாம் எண் குழாய் பம்பின் தாளத்துக்கு விம்மித் தணிந்துகொண்டிருந்தது.

துணியைப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டுப் போனேன். மேடத்தின் கம்ப்யூட்டரில் இரண்டு படங்கள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டிலும் வீங்கிய குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு நீலத் திட்டு.

“ரெண்டும் வேற வேற ஆளோட ரத்தக்குழாய். இந்தத் திட்டு மட்டும் எப்படிண்ணே ஒரே எடத்துல?” என்றார்.

நான் ஒன்பதாம் எண் படத்தையே பார்த்தேன். ஒன்பதாம் எண் என்னுடையது. என் வயிற்றுக்குள் இருக்கிற பெருந்தமனியின் அச்சு அசலான நகல் அது. அந்த விஷயம் மேடத்துக்குத் தெரியாது. அந்த நீலத் திட்டை நம்பித்தான் இரண்டு மாதமாக ஆபரேஷனுக்குப் போகாமல் நான் சுற்றிக்கொண்டிருந்தேன் என்பதும் தெரியாது.

அளக்கிற வேலை

வாலிநோக்கம் உப்பளத்தில் நான்கு வருடம் இருந்த கதையைச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதற்கு ஒரு வாசகர், “அதன் பிறகு உருப்படியாக என்ன செய்தீர்கள்?” என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். என் மனைவி பஞ்சவர்ணத்திடம் யாராவது இதைக் கேட்டால், “காலேஜுல மிசினு பாக்குறாக” என்று சொல்லி முடித்துவிடுவாள்.

ராமேஸ்வரம் சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வுக்கூட உதவியாளனாக இருக்கிறேன். வெகுகாலம் இரும்புக் கம்பியை இழுத்து முறிப்பதும் கான்கிரீட் கட்டியை நசுக்குவதும்தான் என் பிழைப்பு. நூருல் மேடம் பேராசிரியராக வந்த பிறகுதான் ரத்தக்குழாய்க்கு வந்து சேர்ந்தேன்.

மேடம் கீழக்கரைக்காரர். கணவர் துபாயில் இருக்கிறார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். என்னை அண்ணே என்பார், நான் மேடம் என்பேன். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

இதயத்திலிருந்து கிளம்பி வயிறு வழியாக இறங்குகிற பெரிய குழாய்தான் பெருந்தமனி. தொப்புளுக்கு நேராக வந்ததும் இரண்டாகப் பிரிந்து காலுக்கு ஒன்றாகப் போகிறது. சிலருக்குப் பிரிகிற இடத்துக்குச் சற்று மேலே அதன் சுவர் தளர்ந்து, சுரைப்பிஞ்சு போலப் புடைத்துவிடும். வலி இருக்காது. வெடித்தால் பெரும்பாலும் ஆள் இருக்கமாட்டான்.

மதுரையில் ஒரு மருத்துவமனையிலிருந்து அப்படிப்பட்டவர்களின் ஸ்கேன் எங்களுக்கு வரும். அதை வைத்து அச்சு செய்து, சிலிக்கோன் ரப்பரை ஊற்றி, அதே வடிவில் குழாய் செய்வோம். வெள்ளைக் குழாய் காய்ந்ததும் பல் துலக்குகிற பிரஷ்ஷைக் கறுப்புப் பெயிண்டில் தோய்த்து, கட்டை விரலால் சுண்டி, மேலெல்லாம் புள்ளி தெளிக்க வேண்டும். அது என் வேலை. புள்ளி தெளிப்பதில் இந்த மாவட்டத்திலேயே எனக்குப் போட்டி கிடையாது.

பிறகு குழாயைத் தொட்டியில் பொருத்தி, உள்ளே பம்பால் தண்ணீரை அடிப்போம். கையில் பட்டி கட்டி டாக்டர் பார்க்கிறாரே, அதே அழுத்தம்தான். குழாய் விம்மும்போது புள்ளிகள் நகரும். வெளியே நிற்கிற இரண்டு கேமராக்கள் அதைப் படம் எடுக்க, எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வண்ணம் தீட்டிக் காட்டும். அதிகம் இழுபடுகிற இடம் சிவப்பு. அசையாத இடம் நீலம்.

நடுவில் உச்சிப்புளி விமானத்தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போனால் மேசை அதிரும். அது கடல் பக்கம் போய்ச் சத்தம் தேயும்வரை அளவு எடுக்கக்கூடாது. அந்த நேரத்தில் மேடம் தஸ்பீஹ் ஜெபமணியை உருட்டுவார். அவர் வீட்டிலிருந்து தொதல் அல்வா கொண்டுவந்திருந்தால் நான் தின்பேன்.

கல் தேடப் போன கதை

எங்கள் பக்கத்துத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவனுக்குச் சிறுநீரகக் கல் வருவது அதிசயம் இல்லை. எனக்கு மூன்றாவது முறையாக வந்தது. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தேன்.

டாக்டர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“கல்லு சின்னதுதான், தானா வெளிய வந்துரும். அது கெடக்கட்டும். இதப் பாருங்க” என்று பேனா முனையால் ஓர் இடத்தைத் தொட்டார்.

அவர் விளக்கத் தொடங்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வடிவத்தை எட்டு முறை ரப்பரில் ஊற்றியிருக்கிறேன். ஒன்பதாவதாக எனக்குள்ளேயே ஒன்று இருந்திருக்கிறது. வருடக்கணக்கில் பீடி குடித்ததன் பலன் என்றார் டாக்டர். மறுக்க வழியில்லை.

“ஆபரேஷன் பண்ணிக்கிறது நல்லதுன்னுதான் நான் சொல்லுவேன். இன்னைக்கே ஓடியாகணும்னு இல்ல. ஆனா தள்ளிப் போடாதீங்க. ஒரு வாரத்துல முடிவு சொல்லுங்க.”

சரி என்று தலையாட்டிவிட்டு, ஸ்கேன் சி.டி.யைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பரமக்குடி தாண்டும்வரை வயிற்றின் மேல் கை வைத்தபடியே வந்தேன். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் டிரைவர் மேல் கோபம் வந்தது. நான் பயந்துபோயிருந்தேன்.

வீட்டில் பஞ்சவர்ணம் கேட்டாள். கல் சின்னது, ரத்தக்குழாய் கொஞ்சம் தடித்திருக்கிறதாம் என்றேன்.

“தடிச்சிருந்தா என்ன செய்யணுமாம்?”

“பாத்துக்கிட்டு இருக்கணுமாம்.”

“யாரு பாக்குறது?”

“நாந்தேன். அதுதான எங்க வேலையே.”

ஒன்பதாம் எண்

மேடத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. குழாய்க்கு எண் மட்டும்தான், பெயர் இருக்கக்கூடாது. “யாரோடதுன்னு தெரிஞ்சா நமக்கு வேணுங்கிறத அதுல தேட ஆரம்பிச்சிருவோம்ணே” என்பார். மதுரையிலிருந்து வருகிற ஸ்கேன்களில் பெயர் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்து அழிப்பதும், எண் போட்டு வைப்பதும் என் பொறுப்பு. அந்த வசதியை நான் தவறாகப் பயன்படுத்தினேன். என் சி.டி.யில் இருந்த பெயரை அழித்தேன். ஒன்பது என்று எண் போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்று கூடுதலாக வந்திருக்கிறது என்று மேடத்திடம் சொன்னேன்.

என் குழாய்க்கு நானே ரப்பர் ஊற்றினேன், நானே புள்ளி தெளித்தேன். மற்ற எட்டுக்கும் தெளித்ததைவிடக் கூடுதல் கவனமாகத் தெளித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் பொருத்தி பம்பைப் போட்டதும் அது மெதுவாக விம்மியது. பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோவில் நம் முதுகைப் பார்ப்பது போல இருந்தது.

கம்ப்யூட்டர் வண்ணம் தீட்டி முடித்தபோது, புடைப்பின் அடிப்பக்கத்தில் நல்ல நீலம். அசைவே இல்லை. “ஒம்பதாம் ஆளுக்கு அடிப்பக்கம் கெட்டியா இருக்கு மேடம்” என்றேன். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “விசித்திரமாத்தான் இருக்கு, இன்னொண்ணு செஞ்சு பாத்துட்டுச் சொல்வோம்” என்றார். ரப்பர் என்ன சொன்னாலும் அதை வைத்து உயிரோடு இருக்கிற ஆளுக்கு வைத்தியம் பார்க்க முடியாது என்று மாணவர்களிடம் அவர் சொல்வதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அப்போது மட்டும் அது என் காதில் விழவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், “மிசினுல போட்டுப் பாத்தாச்சு, நீலமா இருக்கு. நீலம்னா நல்லது” என்று பஞ்சவர்ணத்திடம் சொன்னேன். அவள் அன்று ஊளி மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். ஒரு வாரத்தில் முடிவு சொல்லச் சொன்ன டாக்டரிடமிருந்து போன் வந்தபோது எடுக்கவில்லை.

நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர். வண்டியில் வருவது நல்ல தண்ணீர். குடிக்க, உலை வைக்க, அவ்வளவுதான். போர் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ, துடைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். குழந்தைக்கு நடை வருவதற்குள் எந்தக் குடத்தைத் தொடலாம், எந்தக் குடத்தைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்கும். நல்ல தண்ணீரில் ஒருவன் எதையாவது துடைத்தான் என்றால் அவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

ஆய்வுக்கூடத்திலும் அதே முறைதான். தொட்டிக்குள்ளும் பம்பிலும் நல்ல தண்ணீர் ஊற்றுவேன். போர்த் தண்ணீர் போனால் பம்பு அடைத்துக்கொள்ளும். தொட்டியின் வெளிக்கண்ணாடியைத் துடைப்பதற்குப் போர்த் தண்ணீரில் நனைத்த துணி. தினமும் காலையில் சுத்தமாக, ஒரு நாளும் தவறாமல், அப்படித்தான் துடைத்துவந்தேன். அதைத் தப்பென்று நினைக்க என்னாலும் முடியவில்லை, பக்கத்தில் நின்ற மேடத்தாலும் முடியவில்லை. கீழக்கரையிலும் அப்படித்தானே துடைப்பார்கள்.

டார்ச் வெளிச்சம்

இப்போது அந்த முற்பகலுக்கு வருகிறேன்.

மேடம் எட்டாம் எண் படத்தையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் அதே இடத்தில் லேசான நீலச் சாயல் இருந்தது. ஏழில் இல்லை.

“குழாயில இல்லண்ணே. நம்மகிட்டதான் ஏதோ இருக்கு.”

கேமராவைக் கழற்றி லென்ஸைப் பார்த்தார், அதில் ஒன்றும் இல்லை. தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். நேராகப் பார்த்தால் கண்ணாடி பளிச்சென்றுதான் இருந்தது. பிறகு போனில் டார்ச்சைப் போட்டு, கண்ணாடியோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார்.

கண்ணாடியின் அடிப்பக்கம் முழுக்க உப்புப் பூத்திருந்தது. பொடிப் பொடியாக நூற்றுக்கணக்கில் வெள்ளைப் புள்ளிகள். துடைக்கும்போது வழிகிற தண்ணீர் கீழே இறங்கி நின்று காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் நான் துடைத்ததில் ஒவ்வொரு அடுக்கு ஏறியிருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் புள்ளி என்றால் புள்ளிதான். குழாயின் புள்ளிகள் விம்மி நகர, கண்ணாடியின் உப்புப் புள்ளிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அந்த இடம் அசையவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் நீலம் தீட்டிவிட்டது.

உப்பளத்தில் நான்கு வருடம் இருந்தவன் நான். பாத்தியில் உப்புப் பூப்பதை வரப்பில் நின்றே சொல்லுவேன். முகத்துக்கு நேரே பூத்தது தெரியவில்லை.

“எப்பவும் எதுல தொடைப்பீங்க?” என்றார் மேடம்.

“போர்த் தண்ணிலதான் மேடம்.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணை மூடித் திறந்தார். “நான் தொடச்சிருந்தாலும் அதுலதான்ணே தொடச்சிருப்பேன்.”

கேன்டீனில் போய்ப் புளி வாங்கி வந்தேன். எங்கள் வீடுகளில் குழாயில் ஏறிய உப்புக் கறைக்குப் புளிதான் போடுவோம். ஊறவைத்து மெதுவாகத் தேய்த்தேன். கறை கரைந்தது. கடைசியாகக் கழுவிவிட வேண்டும். என் கை பழக்கத்தில் போர்க்குழாய் பக்கம் போனது. மேடம் தன் பையில் இருந்த குடிதண்ணீர் பாட்டிலை எடுத்து, அப்படியே கண்ணாடியில் ஊற்றினார். நோன்பு மாதம் அல்ல, ஆனாலும் அன்று அவர் மத்தியானம்வரை குடிக்கத் தண்ணீர் இல்லாமல்தான் இருந்தார்.

பத்தை மறுபடி அளந்தோம். நீலம் போய்விட்டது. மஞ்சளும் பச்சையுமாக எல்லோருக்கும் இருக்கிற மாதிரி இருந்தது.

“ஒம்பதயும் மாட்டுங்கண்ணே” என்றார்.

மாட்டினேன். குழாயைப் பொருத்திக் கவ்வியை இறுக்கினேன். பம்பைப் போட்டோம். அந்த நேரம் பார்த்து ஒரு ஹெலிகாப்டர் வந்தது. சத்தம் தேயும்வரை இருவரும் காத்து நின்றோம். பிறகு அளவு எடுத்தோம்.

நீலமாக இருந்த இடம் சிவப்பாக வந்தது. பத்துக் குழாய்களில் வேறு எதிலும் பார்க்காத சிவப்பு.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இது ரப்பருதான். சிவப்புன்னா வெடிச்சிரும்னு அர்த்தம் இல்ல. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு ஒரு வார்த்த சொல்லிறணும்ணே. ஏற்கெனவே நீலம்னு அனுப்பிருந்தா தப்பாப் போயிருக்கும். அவங்க லிஸ்ட்டுல ஒம்பது யாருன்னு பாக்கச் சொல்லுங்க.”

“லிஸ்ட்டுல இருக்காது மேடம்.”

“ஏன்?”

“நாந்தேன் ஒம்பது.”

அவர் சட்டென்று எழுந்து ஓடிப்போய்ப் பம்பை நிறுத்தினார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தொட்டிக்குள் ஒன்பதாம் எண் ஒரு தரம் தணிந்து அப்படியே நின்றது. என் வயிற்றுக்குள் இருந்தது நிற்கவில்லை. கையை வைத்தால் துடித்தது.

“யா அல்லாஹ்” என்றார் மேடம். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. “ரெண்டு மாசம்! இந்த நீலத்தப் பாத்துட்டா சும்மா இருந்தீங்க? டாக்டர் சொன்னத விட்டுட்டு ரப்பரு சொன்னதக் கேட்டீங்களா? அக்காவுக்குத் தெரியுமா?”

“நீலம்னா நல்லதுன்னு சொல்லிருக்கேன்.”

“போங்க. மொதல்ல போய் அதத் திருத்துங்க. டாக்டருக்கு நான் போன் போடுறேன்.”

பை

வீட்டுக்குப் போனபோது பஞ்சவர்ணம் தண்ணீர் வண்டிக்காகக் குடங்களை வாசலில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். வேலை நேரத்தில் வந்து நின்ற என்னைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் முதலில் சொன்னது, நான் மறைத்தது, போனை எடுக்காதது, கண்ணாடியில் இருந்த உப்பு, எல்லாம்.

“நீலம்னீகளே” என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். அதில் இருந்த ஏமாற்றத்துக்கு முன்னால் ஆபரேஷன் எனக்குச் சின்னதாகத் தெரிந்தது.

உள்ளே போய்ப் பையில் துணி எடுத்துவைத்தாள். வாசலில் தண்ணீர் வண்டியின் மணி கேட்டது. அன்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டி நின்றுவிட்டுப் போயிற்று, குடங்கள் காலியாகவே இருந்தன. கல்யாணமான நாளிலிருந்து அவள் தண்ணீர் வண்டியைத் தவறவிட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மதுரையில் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். வீக்கம் பெரிதாகியிருந்தது. டாக்டர் என் முகத்தைப் பார்த்து, “போனு ரிப்பேரா?” என்று மட்டும் கேட்டார். அந்த வாரமே ஆபரேஷன் நடந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை. தொடை வழியாகக் கம்பிவலையில் துணி தைத்த ஒரு குழாயைக் கொண்டுபோய் உள்ளே நிறுத்தியிருக்கிறார்கள். ரத்தம் இப்போது அதற்குள் போகிறது. வருடம் ஒருமுறை போய்க் காட்ட வேண்டும்.

என் குழாய் வெடித்திருக்குமா, எங்கே வெடித்திருக்கும், சிவப்பு காட்டிய இடத்திலா என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஒன்பதாம் எண்ணை மேடம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார். இன்னும் அது அலமாரியில் இருக்கிறது. நான் தூசி தட்டுவதோடு சரி.

இரண்டு மாத ஓய்வு முடிந்து திரும்ப வேலைக்குக் கிளம்பிய காலையில், பஞ்சவர்ணம் சாப்பாட்டுப் பையோடு தண்ணீர் பாட்டில் இரண்டு வைத்திருந்தாள். எப்போதும் ஒன்றுதான் வைப்பாள். அந்த வாரம் வண்டி ஒரே தடவைதான் வந்திருந்தது. தெருவே குடத்தோடு நின்ற வாரம்.

“எதுக்கு ரெண்டு?” என்றேன்.

இடது பக்கத்து பாட்டிலைத் தொட்டு, “இது நீங்க குடிக்க” என்றாள். வலது பக்கத்து பாட்டிலின் மூடியை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

“இது கண்ணாடிக்கு.”